தட்டில் வந்த நிறம்

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ரிசார்ட்டில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். துணி துவைக்கும் பிரிவு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் அறைகளுக்குப் போகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார்கள். விருந்தாளி குறை சொன்னால் முதலில் மன்னிப்பு, பிறகு மாற்றுப்பொருள், கடைசியில்தான் விசாரணை. துவாலையில் தன் உதட்டுச் சாயத்தையே துடைத்துவிட்டு "கறையாக இருக்கிறது" என்று திட்டிய அம்மாளுக்கும் நான் சாரி சொல்லி, பத்து நிமிடத்தில் புதுத் துவாலை கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு தட்டு பழமும் போனது. கடை என்றால், ஓட்டல் என்றால், உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதை நெருங்குகிறவளுக்கு இவ்வளவு வெகுளித்தனம் ஆகாதுதான்.

என் மகளுக்கு நல்ல கறுப்பு. என்னைக் கொண்டு பிறந்தவள். அவள் அப்பா போய் ஆறு வருடமாகிறது. அவர் இருந்தபோதே படிக்க வைத்துவிட்டதால் பொத்தேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போகிறாள். அவளைப் பெண் பார்க்க மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்று வீட்டாரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "போன் பண்றோம்" என்று போனார்கள். தரகர் மட்டும் தயங்கித் தயங்கி, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மின்னு பாக்கிறாங்கம்மா" என்றார். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று எனக்கு ஆறுதல் சொன்ன சொந்தக்காரர்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தராவது தன் மகனுக்குக் கேட்டு வரவில்லை.

நான்காவதாக வந்தது படாளத்துக் குடும்பம். கொஞ்சம் நிலம், இரண்டு லாரி. பையன் லாரிக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறான். அவன் அம்மா என் மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "படிச்ச பொண்ணு, வேலைக்குப் போவுது, வேற இன்னா வேணும்?" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாளைச் சாமி என்றே நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

திருப்போரூரில் எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொரு தட்டு எடுத்து வந்தார்கள். சேலை, பழம், பூ, இனிப்பு, வளையல், ஒரு தட்டில் மேக்கப் செட். எங்கள் ஊர்ப்பக்கம் சீர்த் தட்டைத் தூக்குவதற்கு முன் அதில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். சோப்பு டப்பாவோ செருப்புப் பெட்டியோ, எதற்கும் விலக்கு கிடையாது. அந்த மேக்கப் பெட்டியிலும் பளபளப்பான அட்டைமேல் அழுத்தமாக ஒரு பொட்டு இருந்தது. முகூர்த்தத்தன்று பெண்ணுக்குக் கட்டுகிற சேலையிலிருந்து முகத்துக்குப் போடுகிற பவுடர்வரை எல்லாம் தங்கள் தட்டில் வந்ததாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சம்பந்தியம்மா அதை இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மகள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். முகத்துக்கு அடியில் பூசுகிற ஃபவுண்டேஷன் ஒரு பாட்டில், அதற்கு மேல் போட ஒரு பவுடர் டப்பா, உதட்டுச் சாயம், இன்னும் சில. பாட்டிலில் இருந்ததை எடுத்துப் பாதி முகத்தில் பூசிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். பாதி முகம் என் பெண். மறுபாதி, கோலமாவு டப்பாவில் விழுந்து எழுந்தது மாதிரி. இரண்டு பேரும் சிரித்தோம். அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"எம்மா, எல்லாரும் என் கலரைப் பத்தித்தான் பேசியிருக்காங்க. அன்னிக்கு ஒரு நாளாவது மேடையில என் மூஞ்சி என் மூஞ்சியா இருக்கட்டும்மா. வேற எதுவும் நான் கேக்கல."

உண்மையிலேயே வேறு எதுவும் கேட்டவள் இல்லை. நகை கேட்டதில்லை, மண்டபம் கேட்டதில்லை. அன்றிரவு மாப்பிள்ளைக்கு வாட்ஸ்ஆப்பில் சொல்லிப் பார்த்தாள். "அம்மா ஆசையா வாங்கிச்சு. ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பதில் வந்தது. கூடவே ஒரு இதயம்.

இது கடைக்காரர்கள் செய்த தவறு என்று நான் முடிவுகட்டிவிட்டேன். பாவம், படாளத்திலிருந்து வந்த அம்மாளுக்கு இந்த நிற எண்களெல்லாம் என்ன தெரியும்? யாருக்கு என்று கேட்காமல் எதையோ தள்ளிவிட்டிருப்பார்கள். பெட்டியின் அடியில் செங்கல்பட்டுக் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. தட்டில் வந்ததைத் திருப்பக் கூடாது, அது சம்பந்தத்தையே திருப்புவதற்குச் சமம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் திருப்பப் போவதில்லையே. அதே கடை, அதே பெட்டி, அதே கம்பெனி. நிறம் மட்டும்தான் மாறப்போகிறது. காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டால் சம்பந்திக்கு எப்படித் தெரியும்?

எனக்கு வாரவிடுப்பு வியாழக்கிழமை. மகள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பொத்தேரியிலிருந்து ரயிலில் வந்தாள். நான் திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் போனேன். செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் சந்தித்து, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கடைக்கு நடந்தோம். நகைக்கடை மாதிரி கண்ணாடிக் கதவு, உள்ளே சில்லென்று ஏசி, காதைக் கிழிக்கிற பாட்டு.

வாசலில் செக்யூரிட்டி என் பையைச் சுவரோரம் இருந்த அலமாரியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். எனக்குப் பின்னால் கார்ச்சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்த பெண்ணின் தோளில் என்னுடையதைவிடப் பெரிய பை. அதைப் பற்றி அவர் பேசவில்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு விற்பனைப் பெண் அவளிடம் "வெல்கம் மேம்" என்றாள். எங்களிடம், "அக்கா, எதையும் தொடாதீங்க, இன்னா வேணும்னு சொல்லுங்க" என்றாள். பதினோரு வருடம் பணிவு பழகியவளாயிற்றே, பொறுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எக்ஸ்சேஞ்ச் அந்தக் கவுண்டர்."

அந்தக் கவுண்டரில் ஆளில்லை. கேட்டால் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்றாள். நின்றோம். பக்கத்தில் மூன்று விற்பனைப் பெண்கள் ஒரு போனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரமாயிற்று. காலையிலிருந்து ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வந்தவள் என் மகள். கண்ணாடிக்கு முன்னால் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே அந்த மூவரில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"சிஸ்டர், அது மேக்கப் ட்ரையல் எடுக்கிறவங்களுக்கு. எந்திரிங்க."

"எனக்கும் ட்ரையல்தான் வேணும். என் கலருக்கு எது செட் ஆகும்னு பாக்கணும்."

"புதுசா வாங்கறவங்களுக்குத்தான் ட்ரையல். எக்ஸ்சேஞ்சுக்கு இல்ல."

மகள் எழுந்துகொண்டாள். எங்கள் ரிசார்ட்டில் விருந்தாளியை நாற்காலியிலிருந்து எழுப்பினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

ஒருவழியாகக் கவுண்டருக்கு ஆள் வந்தாள். பெட்டியைக் கையில் வாங்கியதும் முகத்தைச் சுளித்தாள்.

"இது இன்னா கறை?"

"கறை இல்லம்மா. மஞ்சள் குங்குமம். நிச்சயத்துக்கு சீர்த் தட்டுல வந்தது."

"எதுவா இருந்தாலும் பாக்ஸ் டேமேஜ்தான். சிஸ்டம்ல எடுக்காது. அதோட பாட்டில் ஓப்பன் பண்ணிட்டீங்க."

"பூசிப் பாக்காம கலர் பொருந்தலைன்னு எப்படிம்மா தெரியும்?"

"அது எங்களுக்குத் தெரியாது."

மங்கலம் வைத்தது கறையாகிவிட்டது. எங்கள் ஊரில் புது லாரிக்கும் புது மிக்ஸிக்கும் வைக்கிற பொட்டுதான் அது. அந்தப் பெண் நெற்றியிலும் அதே குங்குமம் இருந்தது. சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "பாலிசிம்மா" என்றார். இன்னொரு முறை சொன்னேன். இன்னொரு முறை "பாலிசிம்மா" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நானும் கஸ்டமரைப் பாக்கிற வேலையிலதான் கீறேன். குறைன்னு வந்தா மொதல்ல ஒரு சாரி சொல்லணும். அப்புறம்தான் பாலிசி."

"எதுக்கு சாரி? நீங்க எங்க கஸ்டமரே இல்லையேம்மா. பில் உங்க பேர்ல இல்ல."

மகள் என் முழங்கையைத் தொட்டு, "வாம்மா, போலாம்" என்றாள். போயிருக்கலாம். போயிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். நான்தான் விடாப்பிடியாக நின்றேன். எங்களைக் கிளப்புவதற்குத்தானோ என்னவோ, மேனேஜர் பெட்டியை வாங்கி டேப்லெட்டால் ஸ்கேன் செய்தார்.

"போன வாரம் நம்ம பிராஞ்சுலதான் வித்திருக்கு. சரி, ஒரு தடவை மட்டும் ஸ்பெஷல் கேஸா போட்டுப் பாக்கிறேன். பில்லுல கீற நம்பருக்கு ஓடிபி போயிருக்கு. சொல்லுங்க."

"யாரு நம்பருக்கு?"

அவர் எண்ணைப் படித்தார். சம்பந்தியம்மாவின் எண். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. "ஐயோ சார், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன். "அது ஆட்டோமேட்டிக்கா போயிடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் போன் அடித்தது. துவைக்கிற மெஷின்களுக்கு நடுவிலேயே இத்தனை வருடம் நின்றதில் எனக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் கை தானாக ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

"சம்பந்தி, எங்க கீறீங்க?"

"வேலையிலதான் சம்பந்தி."

"பாட்டு சத்தம் கேக்குதே. கடையிலேந்து எனக்கு ஏதோ மெசேஜ் வந்துகீது. மாத்தறதுக்குன்னு போட்டிருக்குன்னு எங்க பெரிய பையன் படிச்சிச் சொன்னான்."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. கடைக்காரப் பொண்ணு நல்ல பொண்ணு. யாருக்குன்னு கேட்டுச்சு. நான் போன்ல நம்ம பொண்ணு போட்டோவக் காட்டுனேன். அது கரெக்டா கறுப்புக்கு ஏத்ததத்தான் எடுத்துக் குடுத்துச்சு. நான்தான் வேணாம், வெளுப்பா கீறதக் குடுன்னு மாத்தி வாங்கினேன். எங்க ஜனம் அத்தினி பேரும் மண்டபத்துக்கு வருது இல்ல? அவங்க வாயிலல்லாம் வுழ முடியுமா? பொண்ணப் புடிச்சித்தான் எடுக்கிறோம், அதுல ஒண்ணும் இல்ல. மேல ஒரு பூச்சு பூசிக்கினா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

நான் ஸ்பீக்கரை அணைக்கத் தேடினேன். விரல் வழுக்கியது. மகள் என் பக்கத்திலேயே, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"இப்ப மாத்தியே ஆவணும்னா சொல்லுங்க சம்பந்தி. நம்பர் இதோ வந்துகீது, படிக்கச் சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாத்தாங்கன்னு நாள பின்ன எங்க வூட்டுல நாலு பேரு பேசக் கூடாது. அதான். இன்னா சொல்றீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். ஆறு எண்கள். வாங்கிச் சொன்னால் போதும், அவள் கேட்டது கிடைத்துவிடும். என் மனசில் ஓடியதோ கேசரி சாப்பிட்டுவிட்டுப் போன அந்த மூன்று குடும்பங்கள். ஐந்தாவதாக யாராவது வருவார்களா, எத்தனை வருடம் கழித்து வருவார்கள், அதுவரை நான் இருப்பேனா என்பதெல்லாம் ஒரே நொடியில் ஓடியது.

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சம்பந்தி. சோப்பு வாங்க வந்தோம். கடைக்காரங்கதான் ஏதோ தப்பா அமுக்கிட்டாங்க. நீங்க வாங்கினதையே போட்டுக்கும்."

"அதான பாத்தேன்" என்று சிரித்துவிட்டு அந்த அம்மாள் போனை வைத்தார்.

மகள் பெட்டியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே போகும் வழியில் கடையின் சேவை எப்படி என்று தெரிவிக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். சிரித்த முகம் பச்சையில், அழுத முகம் சிவப்பில். "ஏதாவது ஒண்ணு அமுக்கிட்டுப் போங்க" என்றார் செக்யூரிட்டி. சிவப்பை உடைகிற மாதிரிக் குத்த வேண்டும் என்று நான் கையை ஓங்கினேன். அதற்குள் மகள் பச்சையை அழுத்திவிட்டாள்.

"எதுக்குடி? முக்கால் மணி நேரம் நிக்க வெச்சாங்க, நாக்காலியிலேந்து எழுப்பினாங்க."

"கலரு விஷயத்துல அவங்க மேல தப்பு இல்லையேம்மா. கரெக்டாத்தான் எடுத்துக் குடுத்திருக்காங்க."

பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். என்மேல் கோபமா என்று கேட்கத் தைரியம் இல்லை. அவள் கேட்டிருந்தால், "உன் நல்லதுக்குத்தான்டி" என்று சொல்ல வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. முகூர்த்த நேரத்துக்கு முன் அலங்காரம் செய்ய வந்த பெண், பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது வேணாம்க்கா, என்கிட்ட வேற கீது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மகள் கண்ணை மூடியபடியே, "இதையே போடுங்க" என்றாள். மேடையில் அவள் முகம் ஒரு நிறம், மருதாணி வைத்த கை ஒரு நிறம். படாளத்து ஜனங்கள் சாப்பிட்டார்கள், மொய் எழுதினார்கள், போனார்கள். முன்வரிசையில் யாரோ, "கையப் பாத்தா தெரியலையா?" என்று சொன்னது, மந்தமான என் காதிலும் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பூசினாலும் பேசுவார்கள் என்று எனக்கு முன்பே ஏன் தோன்றவில்லை?

ஒரு நாள்தானே என்று மாப்பிள்ளை சொன்னது ஒரு நாளோடு முடியவில்லை. விருந்துக்குப் போனாலும் பூச்சு, கோயிலுக்குப் போனாலும் பூச்சு. அப்புறம் வேலைக்குப் போகும்போதும். மாமியார் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. "பூசிக்கினு போம்மா, லட்சணமா கீது" என்பாராம், அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வெயிலில் வந்ததில் காதோரம் பூச்சு கரைந்து கோடு கோடாக இறங்கியிருந்தது.

"மூஞ்சி கழுவிக்கோடி. நம்ம வூடுதானே" என்றேன்.

"சாயங்காலம் அவரு கூட்டிக்கினு போக வருவாரும்மா. பாட்டில் வேற முடிஞ்சிபோச்சு. வியாழக்கிழமை உனக்கு லீவுதானே, செங்கல்பட்டுல அதே நம்பர் ஒண்ணு வாங்கி வெச்சிடு."

"அது வேணாம்டி. உன் கலருக்கு ஏத்ததா நான் வாங்கித் தரேன். சம்பந்திகிட்ட நானே பேசறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"அன்னிக்குப் பேசியிருந்தா பேசியிருக்கலாம்மா. இப்ப பேசினா நான் சொல்லிக் குடுத்து நீ பேசறன்னுதான் ஆவும். வுடு."

வியாழக்கிழமை அதே கடைக்குப் போனேன். மேனேஜர் மாறியிருந்தார். கவுண்டரில் இருந்தது புதுப் பெண். நான் நிற எண்ணைச் சொன்னதும் அவள் பாட்டிலை எடுக்காமல் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கும்மா?"

"என் பொண்ணுக்கு."

"உங்க கலரா?"

"என் கலர்தான்."

"அப்ப இந்த நம்பர் செட் ஆவாதும்மா. பூசின மாதிரி தனியாத் தெரியும். உக்காருங்க" என்று கண்ணாடி முன்னாலிருந்த நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். என் கையைத் திருப்பிப் பிடித்து, நான்கு பாட்டிலிலிருந்து ஒவ்வொரு பொட்டாக மணிக்கட்டில் வைத்துத் தேய்த்தாள். மூன்றைத் துடைத்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, "இதுதான் சரி. வேணும்னா வீட்டுல காட்டிட்டு வாங்க, பிடிக்கலைன்னா நான் மாத்தித் தரேன்" என்றாள். அப்படி ஒருத்தி நாங்கள் மாற்றப் போன அன்றைக்கு அந்தக் கவுண்டரில் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நல்லா இரு தாயி. எனக்கு அந்த வெளுப்பையே குடுத்துடு."

"அம்மா, நல்லா இருக்காதும்மா."

"தெரியும். அதையே குடு."

அவளுக்குப் புரியவில்லை. பையில் போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பெண் தேய்த்த இடம் எது என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். திருப்போரூர் வரும்வரை தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சரியாக இருந்தது.